சீமை நிதியும் உள்ளூர்க் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐரோப்பிய ஒன்றியம் எல்லைகடந்த கூட்டு முயற்சிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நிதி ஒதுக்குகிறது என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரி நெல்லைச் சீமையில் இத்தனை பேரைப் பேனா எடுக்க வைக்கும் என்று நினைக்கவில்லை. வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்களுக்காகப் பதிவு பெற்ற சங்கம் நடத்துகிறோம். ‘இன்டர்ரெக்’ என்ற ஐரோப்பியத் திட்டத்தில் பெருந்தொகை இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் சங்கம் நேரடியாக விண்ணப்பிக்கலாமா?
– ஒரு வாசகி, பத்தமடை

பதில்: முடியாது என்பதே நேரான பதில். ஏன் முடியாது என்று தெரிந்துகொண்டால், எந்த வழி திறந்திருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

இன்டர்ரெக் வெளிநாடுகளுக்கு வழங்கும் உதவித்தொகை அன்று. ஐரோப்பாவின் எல்லையோர ஊர்கள் தங்கள் தலைநகரத்துக்குத் தொலைவிலும், வேறு சட்டமும் வேறு மொழியும் உள்ள பக்கத்து நாட்டுக்கு மிக அருகிலும் இருப்பதால் படும் அல்லலைக் குறைப்பதற்கென்று 1990இல் தொடங்கப்பட்ட ஏற்பாடு அது. 1975இல் உண்டாக்கப்பட்ட ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியத்திலிருந்து அதற்குப் பணம் வருகிறது. 2021 முதல் 2027 வரையிலான ஏழாண்டுக்கு ஏறத்தாழ 800 கோடி யூரோ.

செங்கோட்டைப் பக்கத்து முதியவர்களுக்கு இந்த அல்லலை விளக்க வேண்டியதில்லை. 1956 அக்டோபர் 31ஆம் தேதி வரை புனலூரோடும் ஆரியங்காவோடும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர் அது. மறுநாள் முதல் மலைக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம். அதுவாவது ஒரே நாட்டுக்குள் நடந்தது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பைரனீஸ் மலைமேல் செர்தான்யா என்றொரு சமவெளி இருக்கிறது. நாட்டெல்லை அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. பிரெஞ்சுப் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் பெரிய மருத்துவமனைக்காக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைப்பாதையில் பெர்ப்பிஞ்ஞானுக்கு இறங்க வேண்டியிருந்தது. இரு நாடும் சேர்ந்து ஸ்பெயின் பக்கத்துப் புச்செர்தாவில் ஒரு பொது மருத்துவமனை கட்டி 2014இல் திறந்தன. கட்டுமானச் செலவில் 60 விழுக்காடு அளவுக்கு ஐரோப்பிய நிதியிலிருந்து வந்தது. கட்டடம் எழுப்பியதைவிட, பிரெஞ்சுத் தாய்க்கு ஸ்பெயினில் பிறந்த குழந்தையை எங்கே பதிவது, அங்கே இறந்தவரின் உடலை எந்தத் தாளோடு எல்லை கடத்துவது என்பவற்றுக்கு விடை காண்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இப்படிப்பட்ட வேலைக்கு ஒதுக்கிய பணத்தைப் பத்தமடைப் பாய்க்குக் கேட்பது பொருந்தாது என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. நம் பக்கத்தவர் பலர் அதை அறிந்திருக்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவு பிரான்சின் பகுதி. ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதியும்கூட. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழரின் வழிவந்தவர்கள் அங்கே ‘மலபார்’ என்ற பெயரில் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ரெயூனியன் வட்டார அரசு பொறுப்பேற்று நடத்தும் இந்தியப் பெருங்கடல் இன்டர்ரெக் திட்டத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒத்துழைக்கும் நாடுகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் அதிலும் அந்தத் தீவில் ஒரு பங்காளர் முன்னின்று விண்ணப்பிக்க, நீங்கள் பின்னால் சேர வேண்டும். தாள்களும் பிரெஞ்சு மொழியில் நடக்கும்.

உங்கள் சங்கத்துக்கு நெருக்கமானது வேறொன்று. இயற்கைக்குக் கேடில்லாத உற்பத்தியையும் நுகர்வையும் ஆசிய நாடுகளில் வளர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் தொடங்கிய ‘ஸ்விட்ச் ஏசியா’வில் இந்தியாவும் உண்டு, கைத்தொழில்கள் அதன் வரம்புக்குள் வருகின்றன. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஐரோப்பியக் கடைக்காரர் ஒருவர் பாய்க்கு விலை கொடுத்து அனுப்பும் பணம் வணிக வரவுதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அது நன்கொடை ஆகாது. புவிசார் குறியீடு பெற்ற பொருளைக் கையில் வைத்திருப்பவர்கள் மானியத்தைத் தேடி அலைவதற்கு முன் விற்பனையைத் தேடலாம் என்பது என் கருத்து.

கேள்வி: தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையில் உள்ள காடு, நீர்ச் சிக்கல்களுக்கு இந்த ‘எல்லைகடந்த’ நிதியைக் கேட்கலாமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: கேட்க இயலாது. அந்த நிதியில் ‘எல்லை’ என்றால் ஒன்றிய உறுப்பு நாடுகளுக்கு இடையிலும், அவற்றுக்கும் அவற்றின் அயல் நாடுகளுக்கும் இடையிலும் உள்ள நாட்டெல்லை. அயலாரோடு உள்ள உறவு கெட்டால் அந்தப் பணமும் நின்றுவிடும். உக்ரைன் போர் வெடித்த 2022இல் ரஷ்யா, பெலாரஸ் ஆகியவற்றோடு நடந்த எல்லைத் திட்டங்கள் நிறுத்தப்பட்டன.

கேள்வி: பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காகச் சிறிய அறக்கட்டளை நடத்துகிறேன். ஜெர்மனியில் உள்ள ஒரு சங்கம், தான் பெறவிருக்கும் ஐரோப்பிய நிதியில் எங்களையும் பங்காளராகச் சேர்த்துக்கொள்ள முன்வந்துள்ளது. தென்காசியிலும் தூத்துக்குடியிலும் எங்களைப் போன்ற இரண்டு அறக்கட்டளைகள் உள்ளன. பணத்தை நாங்கள் வாங்கி அவர்களுக்கும் பகிரலாம் என்று எண்ணுகிறோம். என்ன செய்ய வேண்டும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, தங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்ததும் அன்று மாலையே பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பகிர்வு சட்டப்படி குற்றம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ. என்று நம்மவர் சொல்வது) 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற பணத்தை வேறு எந்த நிறுவனத்துக்கும் மாற்றிக் கொடுக்க இயலாது, அந்த நிறுவனமும் பதிவு பெற்றதாக இருந்தாலும் கொடுக்க இயலாது. ஐரோப்பியக் கூட்டுத் திட்டங்களிலோ, முதன்மைப் பங்காளர் பணத்தை வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே நடைமுறை. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆகவே மூன்று அறக்கட்டளைகளும் தனித்தனியே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, ஜெர்மானியச் சங்கத்திடமிருந்து நேரடியாகத் தத்தம் கணக்கில் பணம் பெறும்படி தொடக்கத்திலேயே திட்டத்தை எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் மாற்றுவது ஆயிரம் தொல்லை.

அடுத்தது பதிவு. அறக்கட்டளை தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்; கடந்த மூன்று நிதியாண்டுகளில் அதன் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டதைக் காட்ட வேண்டும். இது இல்லாத சிறிய அமைப்புகளுக்கு முன்அனுமதி என்ற வழி உண்டு: குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட பணி என்று ஒரே முறைக்கு உள்துறை அமைச்சகம் அனுமதி தரும், அதற்குக் கொடையாளரின் உறுதிக் கடிதம் தேவை. எந்த வழியில் பெற்றாலும், வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து விழ வேண்டிய இடம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கு மட்டுமே. அதன்பின் பாளையங்கோட்டையில் நீங்கள் விரும்பும் வங்கியில் செலவுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளூர் நன்கொடையை அந்தக் கணக்கில் போட்டுக் கலக்கக் கூடாது. வங்கி தரும் வட்டியும் வெளிநாட்டு நன்கொடையாகவே கணக்கிடப்படும். நிர்வாகச் செலவு பெற்ற தொகையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முன்பு அது 50 ஆக இருந்தது. பதிவு ஐந்தாண்டுக்குத்தான், முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆண்டில் ஒரு காசும் வராவிட்டாலும் ‘வரவு இல்லை’ என்று காட்டியாக வேண்டும்.

சீமைப் பணத்துக்குக் கணக்கும் கடிதமும் அனுப்புவது பாளையங்கோட்டைக்குப் புதிதன்று. 1820இல் இங்கே வந்து சேர்ந்த ஜெர்மானியரான ரேனியஸ் பாதிரியார் காலத்திலேயே மிஷன் பள்ளிகளின் அறிக்கைகள் கப்பலேறி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. கேட்பவர் இப்போது இருவர் ஆகிவிட்டார்கள், ஒருவர் ஐரோப்பாவில், ஒருவர் தில்லியில்; வேறுபாடு அவ்வளவே.

கேள்வி: தாமிரபரணிக் கால்வாய்களைப் பற்றி ஓர் ஐரோப்பியச் சங்கத்தோடு சேர்ந்து திட்டம் எழுதுகிறோம். ‘இணைநிதி’ நாங்கள் காட்ட வேண்டும் என்கிறார்கள். நிதி தருபவரே நம்மிடம் நிதி கேட்பது வேடிக்கையாக இல்லையா?
– இளைஞர் குழு, அம்பாசமுத்திரம்

பதில்: வேடிக்கைதான், ஆனால் அதுவே அடிப்படை விதி. ஐரோப்பிய நிதி ஒரு திட்டத்தின் முழுச் செலவையும் ஏற்பது அரிது. இன்டர்ரெக்கில் பொதுவாக 80 விழுக்காடு வரை; மீதி 20 பங்காளர் கையிலிருந்து வர வேண்டும், அதுதான் இணைநிதி. வெளிநாடுகளில் உள்ள குடிமக்கள் அமைப்புகளுக்கு உதவும் ‘குளோபல் யூரோப்’ என்ற நிதியத்திலும் (2021–2027க்கு 7,950 கோடி யூரோ, அதில் தொண்டு அமைப்புகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு) விழுக்காடு அழைப்புக்கு அழைப்பு (விண்ணப்பம் கேட்டு வெளியிடும் அறிவிப்புக்கு அறிவிப்பு) மாறும், விதி மாறாது. இதில் உங்கள் குழு கவலைப்பட வேண்டியது விழுக்காட்டைப் பற்றி அன்று, பணம் வரும் காலத்தைப் பற்றி. இன்டர்ரெக் வகைத் திட்டங்களில் முதலில் நீங்கள் செலவழிக்கிறீர்கள், பின்னர் ரசீது காட்டிக் கேட்கிறீர்கள், சரிபார்த்துத் தருகிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஊழியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? கையிருப்பு இல்லாத சங்கம் கந்துவட்டிக்காரனிடம் போய் நிற்கும் நிலை வரும். குளோபல் யூரோப் போன்ற வெளிநாட்டு உதவிப் பிரிவில் முன்பணம் தருவதுண்டு என்பதால், உங்கள் குழுவுக்கு அதுவே ஏற்றது.

ரசீதைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். நான் கணக்கு எழுதிக் கொடுத்த ஓர் அறக்கட்டளை, குளம் தூர்வாரிய கூலியை ஊர் வழக்கப்படி மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்து, ஒரே வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கி வைத்திருந்தது. வேலை நடந்தது உண்மை. குளத்தில் தண்ணீர் நின்றதும் உண்மை. ஆனாலும் தணிக்கையில் அந்தத் தொகை முழுவதும் தள்ளுபடி ஆயிற்று, ஒவ்வொரு ஆளின் பெயரும் நாளும் கூலியும் எழுதிய பதிவேடு இல்லை என்பதால். பிழை என்னுடையதும்தான், முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். இதோடு, தனி ரசீது காட்டத் தேவையில்லாத மறைமுகச் செலவுக்கு வெளிநாட்டு உதவிப் பிரிவில் அதிகம் போனால் 7 விழுக்காடுதான் அனுமதிப்பார்கள் என்பதையும், யூரோவுக்கும் ரூபாய்க்கும் இடையிலான மாற்று வீதத்தால் நேரும் நட்டத்தைச் செலவாக ஏற்கமாட்டார்கள் என்பதையும் வரவுசெலவுத் திட்டம் எழுதும் நாளிலேயே மனத்தில் வையுங்கள்.

கேள்வி: ஐரோப்பியப் பணம் வாங்கித் தருவதாக ஒருவர் நூற்றுக்குப் பத்து கேட்கிறார். முன்பணமும் வேண்டுமாம். நம்பலாமா?
– ஒரு வாசகர், ஆலங்குளம்

பதில்: நம்ப வேண்டாம். ஒன்றியத்தின் நிதி இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. பதிந்தால் ஒன்பது இலக்க எண் ஒன்று கிடைக்கும், அவ்வளவே. இந்தியாவுக்கான அழைப்புகளை விளக்கப் புதுதில்லியில் ஒன்றியத்தின் தூதுக்குழு அலுவலகம் இருக்கிறது. கமிஷனை எந்தத் தணிக்கையாளரும் திட்டச் செலவாக ஏற்கமாட்டார். அந்தப் பத்து உங்கள் பையிலிருந்துதான் போகும்.

கேள்வி: சங்கம் எதுவும் இல்லாத தனி மாணவனுக்கு ஏதாவது உண்டா?
– கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: உண்டு. ‘எராஸ்மஸ் முண்டஸ்’ என்ற கூட்டு முதுகலைப் படிப்புகளில் குறைந்தது இரண்டு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்கலாம். உதவித்தொகை பெறும் வெளிநாட்டவரில் இந்திய மாணவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை அந்தந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கே அனுப்ப வேண்டும்.

கேள்வி: விண்ணப்பத்தைக் கடைசி நாளில் அனுப்பினோம், காலம் கடந்துவிட்டது என்று இணையதளம் ஏற்க மறுத்துவிட்டது. தேதி மாறவில்லையே?
– ஒரு தொண்டு நிறுவனச் செயலாளர், தென்காசி

பதில்: தேதி மாறவில்லை, மணி மாறியது. ஒன்றியத்தின் இணையதளத்தில் குறிக்கும் நேரம் பிரஸ்ஸல்ஸ் நேரம். பெரும்பாலும் மாலை 5 மணி. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேர வேறுபாடு, கோடையில் மூன்றரை. அதாவது நமக்கு இரவு ஒன்பதரை அல்லது எட்டரை. நள்ளிரவு வரை இருக்கிறது என்று எண்ணியவர்கள் நீங்கள் மட்டும் அல்லர். இப்போதைய ஏழாண்டுக் காலம் 2027இல் முடிகிறது. 2028 முதல் 2034 வரைக்கான வரவுசெலவு முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்டுவிட்டது. மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைத் தூக்கி எறியாமல், புதிய அழைப்புகள் வரும்போது அவற்றின் விதிகளுக்கு ஏற்பத் திருத்தி, இம்முறை இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.