எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால்?

கேள்வி: சிக்னலில் நின்றபோது காரின் மீட்டர், ஏசி, பவர் ஸ்டீயரிங் எல்லாம் சட்டென்று அணைந்தன, சற்று நேரத்தில் தானாகவே வந்துவிட்டன. பேட்டரி புதிது. இசியூ (காரை இயக்கும் மின்னணுக் கணினி) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சம்பந்தமில்லாத பாகங்கள் சேர்ந்தாற்போல் அணைந்தால், அனைத்துக்கும் பொதுவான வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: பேட்டரி டெர்மினல், எர்த் வயர் (பேட்டரியின் நெகட்டிவை இன்ஜின், பாடி உலோகத்தோடு இணைப்பது), மெயின் ஃபியூஸ். புது பேட்டரி வைக்கும்போது டெர்மினலைப் பிடிக்கும் கிளாம்ப்பை அரைகுறையாக இறுக்குவது சகஜம். கையால் திருகினால் அது அசையவே கூடாது.

பிறகு மல்டிமீட்டரால் பேட்டரி வோல்டேஜை அளந்து பாருங்கள். சில மணி நேரம் நின்ற காரில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5. அடுத்த சோதனையைப் பலர் செய்வதே இல்லை, ஆனால் அதுதான் முக்கியம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைக் கணிசமாகத் தாண்டினால் எர்த் இணைப்பில் துரு அல்லது தளர்வு இருக்கிறது. ஹெட்லைட், ஏசி போட்டுக்கொண்டு பாடியிலும் இதேபோல் அளந்து பாருங்கள். கரண்ட் பாயும்போதுதான் இந்தக் குறை வெளிப்படும். எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். அந்தப் பழைய சோதனையில் வோல்டேஜ் எகிறி, நன்றாக இருக்கும் இசியூவும் கருகிவிடக்கூடும்.