பிரசங்கி சொல்லும் ‘மாயை’

வணக்கம். பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ள பிரசங்கி நூலில் வரும் ‘மாயை’ வேதாந்தம் சொல்லும் மாயைதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. எபிரேய மூலத்தில் இருப்பது ‘ஹெவெல்’. நேர்ப்பொருள் மூச்சு, ஆவி. குளிரில் வாயிலிருந்து வரும் புகை மாதிரி: கண்ணுக்குத் தெரியும், பிடிக்கப் போனால் கைக்குள் ஒன்றும் இருக்காது. வேதாந்தம் சொல்வதுபோல் உலகமே பொய்த்தோற்றம் என்று பிரசங்கி சொல்லவில்லை.

பழைய ஏற்பாட்டின் இன்னொரு நூலான நீதிமொழிகள் 31:30இல் ‘அழகும் வீண்’ என்பதிலும் இதே சொல்தான். அப்புறம், ஆதாமின் மகன் ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் ஹெவெல். அண்ணன் காயீன் கையால் கொல்லப்பட்டு, சீக்கிரமே மறைந்துபோனவன். அந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

பிரசங்கி 8:14ஐயும் வாசியுங்கள். துன்மார்க்கனுக்கு வரவேண்டியது நீதிமானுக்கு வருவதையும் ஹெவெல் என்கிறார். அங்கே ‘புரிந்துகொள்ள முடியாத அநியாயம்’ என்ற சாயலும் சேர்கிறது.