விண்மீன் மண்டலக் கொத்துகள் மோதினால் ரேடியோ அலை ஏன் வருகிறது?

நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் ஈர்ப்பால் சேர்ந்திருப்பதே கொத்து. இடைவெளியெங்கும் பல கோடி பாகை சூடான, மிக மெல்லிய வாயு. இரண்டு கொத்துகள் செக்கனுக்கு 1,000 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் மோதும்போது அந்த வாயுவில் அதிர்ச்சி அலை எழும். அது இலத்திரன்களை ஒளிவேகத்தை நெருங்கத் தள்ளும். அவை காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலையை உமிழும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறக்கும்போது பாருங்கள். பாயும் நீர் தேங்கிய நீரில் முட்டுமிடத்தில் நுரையும் சருகும் ஒரு கோடாக ஒதுங்கும். பின்னால் நீர் சுழன்று கலங்கும். கொத்துகள் மோதுமிடத்திலும் அப்படித்தான்: ரேடியோ படத்தில் விளிம்பில் வளைந்த கீற்று, கலங்கிய நடுவில் மங்கலான ஒளிவட்டம். 'பற்தூரிகை' எனப்படும் கீற்று மட்டும் ஏறத்தாழ 60 இலட்சம் ஒளியாண்டு நீளம்!

குறைந்த அதிர்வெண்ணில்தான் இந்த ரேடியோ ஒளி பிரகாசம். அந்த அலைகளைப் பிடிக்கும், இந்தியாவின் புனேக்கு அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கியில் 45 மீற்றர் விட்டமுள்ள 30 அன்டெனாக்கள்; அவற்றில் 14 நடுவில் நெருக்கமாக நிற்கின்றன. எல்லாம் தூரதூரமாக நின்றால் அகன்ற மங்கல் ஒளி படத்தில் விழாது. உள்ளிருக்கும் தனி மண்டலங்களின் அலையையும் கழிக்க வேண்டும். விட்டால் அதையே ஒளிவட்டமென்று நம்பிவிடுவோம்.

மோதல் என்றதும் நட்சத்திரங்கள் முட்டி நொறுங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை தொடாமலே கடந்துபோகும், முட்டுவது வாயுதான்.