வீடியோ பார்க்காமல் வரும் மாணவர்கள்

ஐயா, வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேஷன் பாடம் எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் பைத்தான் புரோகிராமிங் பகுதியைத் தலைகீழ் வகுப்பு முறையில் நடத்துகிறேன். பாடத்தை வீடியோவாக முன்பே அனுப்பிவிட்டு, வகுப்பு நேரம் முழுக்க லேபில் செய்முறை. பாதிப்பேர் பார்க்காமலே வருகிறார்கள். சோலூர்மட்டம் பக்கத்துப் பிள்ளைகள், மழையில் கரண்ட் போனால் டவரும் போய்விடுகிறது என்கிறார்கள். கடைசியில் நானே மறுபடி பாடம் நடத்துகிறேன். பழைய முறைக்கே போய்விடலாமா?

— ஒரு விரிவுரையாளர்

அன்புள்ள நண்பருக்கு,

போகாதீர்கள். ஆனால் மறுபடி நடத்துவதை நாளையே நிறுத்துங்கள். பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அடுத்த வாரம் அவர்களும் பார்க்க மாட்டார்கள். பார்க்காதவர்கள் லேபின் ஓரத்தில் ஹெட்போன் மாட்டிப் பார்த்து முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

இந்த முறையைப் பரப்பிய பெர்க்மனும் சாம்ஸும் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு மலையூர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர்கள். வகுப்புக்கு வரமுடியாமல் போன பிள்ளைகளுக்காகத்தான் 2007இல் பாடங்களைப் பதிவுசெய்ய ஆரம்பித்தார்கள். வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு டிவிடியில் போட்டுக் கொடுத்தார்கள். நீங்களும் டவரை நம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும் முன் லேபிலேயே அவரவர் போனில் ஏற்றிவிடுங்கள். ஒரு வீடியோ எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? அதுதான் முக்கியம். கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பத்து ஸ்விட்சுகளின் ஐபி முகவரிகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் முழுக்க ஒரே வேலையைத் திரும்பச் செய்யும் ஃபார் லூப் போட்டு, நெட்மிகோ என்ற பைத்தான் லைப்ரரி வழியாக ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) நுழைந்து, அதன் கான்ஃபிகரேஷனை, அதாவது அமைப்பு விவரங்களை, ஃபைலில் பேக்கப்பாகச் சேமிக்க வேண்டும். இதுவரை வீடியோ போதும். வகுப்பில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றாவது ஸ்விட்ச் இருக்கும் கட்டடத்தில் கரண்ட் இல்லை, புரோகிராம் என்ன செய்யும்? ஓட்டும் முன் பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘அதை விட்டுவிட்டு நாலாவதுக்குப் போகும்’ என்றுதான் முக்கால்வாசிப்பேர் எழுதுவார்கள். ஓட்டினால் பதிலுக்குக் காத்திருந்து, அங்கேயே டைம்அவுட் ஆகி நின்றுவிடும். மீதி ஏழுக்கும் பேக்கப் இல்லை. கரண்ட் போவதைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் ட்ரை, எக்ஸெப்ட்: பிழை வந்தால் புரோகிராம் நின்றுவிடாமல் பிடிக்கும் கட்டளைகள். யாராவது ஒருவர் எந்தப் பிழை என்று சொல்லாமல் வெறும் எக்ஸெப்ட் போட்டு, உள்ளே பாஸ், அதாவது ‘எதுவும் செய்யாதே’, என்று எழுதிவிடுவார். எல்லாம் ஓடும். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டிய இடம் அதுதான். நாலாவது ஸ்விட்சுக்குப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் சத்தமில்லாமல் கடந்துபோகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் எழுதினேன். பாஸ்வேர்டு மாறிய ஒரு ஸ்விட்சுக்கு மூன்று மாதம் பேக்கப்பே எடுக்கவில்லை. அது எரிந்துபோன அன்றுதான் தெரிந்தது. அன்று இரவு முழுக்க ஞாபகத்திலிருந்து விலான்களை (ஸ்விட்சில் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளை) ஒவ்வொன்றாக அடித்தேன். பதில் வராதது வேறு, பாஸ்வேர்டு தவறுவது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து, எந்த ஸ்விட்ச் என்பதையும் லாக் என்ற பதிவு ஃபைலில் எழுத வேண்டும். வீடியோவில் இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தன் திரையில் பார்த்தவர் மறக்க மாட்டார்.

பத்து ஸ்விட்ச் எந்த லேபிலும் இருக்காது. நாலு பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டு எஸ்எஸ்எச் திறந்துவிட்டால் போதும். மூன்றாவதன் கேபிளை மட்டும், யாருக்கும் சொல்லாமல், நீங்களே போய்ப் பிடுங்கிவிடுங்கள்.