மலையாளப் படங்களில் ஊரும் வீடும்: கேள்வி பதில்

கேள்வி: மலையாளப் படத்தில் வருவது எந்தப் பகுதி, எந்தச் சமூகத்துக் குடும்பம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிகிறது.

பதில்: கண்ணைவிடக் காதை நம்புங்கள். முறைவைத்துக் கூப்பிடுவதிலேயே பாதி விவரம் வந்துவிடும். அண்ணனை 'இக்கா' என்றால் முஸ்லிம் வீடு. 'இச்சாயன்' என்றால் பெரும்பாலும் மத்திய திருவிதாங்கூர் கிறிஸ்தவர்கள். 'ஏட்டன்' மலபார் பக்கம் அதிகம்; தெற்கே 'சேட்டன்'. அதன்பிறகு தொழிலைப் பாருங்கள். ஏலமும் மிளகும் என்றால் இடுக்கி மலை. ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்து என்றால் மலப்புறம் பக்கம். 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) அந்த ஆட்டக் குழுவைச் சுற்றியே நடக்கிறது.

கேள்வி: 'கும்பளங்கி நைட்ஸ்' (2019) சண்டை போடும் அண்ணன் தம்பிகளின் கதைதானே? அதை ஏன் குடும்பப் படம் என்கிறார்கள்?

பதில்: அதில் வரும் இரண்டு வீடுகளையும் சேர்த்துப் பாருங்கள். சகோதரர்களின் வீட்டுக்குக் கதவே கிடையாது, பூச்சுவேலையும் முடியவில்லை. ஷம்மி என்ற மாப்பிள்ளை இருக்கும் வீடு பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அது அவன் மனைவியின் பிறந்த வீடு. பெண்கள் ஹோம்ஸ்டே நடத்திப் பிழைக்கும் அந்த வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு அவன் நாட்டாமை செய்கிறான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொட்டைச் சவர பிளேடால் சுரண்டி எடுக்கும் காட்சியை விட்டுவிடாதீர்கள். ஆள் யாரென்று அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: தரவாடு (பரம்பரைக் கூட்டுக்குடும்ப வீடு), மருமக்கத்தாயம் பற்றிப் புரிந்துகொள்ள எந்தப் படம்?

பதில்: அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்'. 1982இல் லண்டன் திரைப்பட விழாவில் சதர்லாண்ட் கோப்பை பெற்ற படம். மருமக்கத்தாயத்தில் சொத்து பெண்வழியில் இறங்கும். நிர்வாகம் மூத்த தாய்மாமனான காரணவர் கையில். கூட்டுக்குடும்பச் சொத்துரிமையை ஒழித்த கேரளச் சட்டம் 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இது தெரியாமல் பார்த்தால், சகோதரி ஏன் பங்கு கேட்டு நிற்கிறாள், வீட்டை நிர்வகிக்கும் உண்ணி ஏன் வாயடைத்துப் போகிறான் என்பது புரியாது. பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால்கூடத் தாண்டத் துணியாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற ஆள் அவன்.

கேள்வி: 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) படத்தில் நறுக்குவதும் கழுவுவதும் திரும்பத் திரும்ப வருகிறதே? குறைத்திருக்கலாமே?

பதில்: குறைத்தால் படமே இல்லை. மாமனாருக்குச் சோறு விறகடுப்பில் வேக வேண்டும், சட்னி அம்மியில் அரைபட வேண்டும், அவர் துணி வாஷிங் மெஷினில் விழக் கூடாது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். தொட்டிக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று மருமகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், கணவன் தள்ளிப்போடுகிறான். கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அத்தனை நாள் ஒழுக்கையும் நம்மைப் பார்க்க வைத்ததால்தான் அந்தக் காட்சி நிற்கிறது.

கேள்வி: தமிழில் எடுக்கும்போது ஏன் சில படங்கள் ஒட்டுவதில்லை?

பதில்: கதையை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிடுகிறார்கள். 'மகேஷிண்டே பிரதிகாரம்' (2016) படத்தின் சண்டை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு சிறிய இடுக்கிக் கடைவீதியில் நடப்பது. தெரிந்தவர்கள் முன்னால் அடிவாங்கியதால்தான் திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போடமாட்டேன் என்ற மகேஷின் சபதத்துக்கு எடை வருகிறது. தமிழ் 'நிமிர்' (2018) படத்தில் அந்த எடை எனக்குக் கிடைக்கவில்லை. 'திருஷ்யம்' 'பாபநாசம்' (2015) ஆனபோது இயக்குநர் ஜீத்து ஜோசப்தான்; வசனம் ஜெயமோகன். வீட்டுப் பேச்சு நெல்லைத் தமிழ் ஆனது, இடுக்கிக் குடும்பம் தாமிரபரணிக் கரைக் குடும்பமாகவே மாறியது.