பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சிறு பிள்ளைகளுக்கு நன்றியுணர்வை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நீங்கள் கேட்டது இதுதான்: பொங்கல் லீவுக்கு நெல்லைப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறீர்கள். பிள்ளைகளுக்கு ஏழும் நாலும் வயது. துணி, காசு, பலகாரம் என்று ஆளாளுக்குக் கொடுக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் 'இவ்வளவுதானா' என்று முகத்தைத் தூக்குகிறார்கள்.

எங்களுக்கும் ஊர் முக்கூடல் பக்கம்தான், இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவள் நான். முதலில், 'ஆச்சிக்கு தேங்க்ஸ் சொல்லு' என்று எல்லார் முன்னாலும் பிள்ளையைப் பிடித்துத் தள்ளுவதை விட்டுவிடுங்கள். அது கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டு ஓடிவிடும், ஆச்சிக்கும் கூச்சம். நம் வீடுகளில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பொங்கல்படி (பொங்கல் சீர்) கொண்டுவந்து இறக்குகிற அப்பாவிடம் எந்த மகள் தேங்க்ஸ் சொல்லியிருக்கிறாள்? 'இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கப்பா' என்பாள், அதிலேயே எல்லாம் வந்துவிடும்.

டவுனில் வளரும் பிள்ளைகளுக்கு எல்லாமே டெலிவரிப் பையில் வருகிறது. ஊரில் கிடைப்பதும் அப்படித் தானாக வந்ததாகவே அவர்களுக்குப் படும். அதனால் லீவு முழுக்க நான் பார்த்துக்கொள்வது ஒன்றுதான்: ஒரு பொருள் யார் கை வழியாக வந்தது என்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும், முடிந்தால் அந்த வேலையில் தானும் கொஞ்சம் கை வைக்க வேண்டும்.

பொங்கல் அதற்குத் தோதான பண்டிகை. சிறுகிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊறப்போட்டு, சாக்கில் கட்டித் தேய்த்து, அதற்கப்புறமும் இடுக்கில் ஒட்டியிருக்கிற தோலை ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். விரலெல்லாம் கறுத்துப்போகும், சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறை நிற்கும். முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகளை அந்த வேலையில் உட்காரவையுங்கள். உருப்படியாகச் செய்ய மாட்டார்கள், பாதிக் கிழங்கு வீணாகும், போகட்டும். என் மகன் மறுநாள் பந்தியில், தான் சுரண்டிய கிழங்கு யார் இலையில் விழுந்திருக்கிறது என்று தேடிக்கொண்டு திரிந்தான். அதுவரை அந்தப் பொரியலை ஒதுக்கிவைத்தவன். பொங்கப்பானை வாங்க காருகுறிச்சி வரைக்கும் போக முடிந்தால் இன்னும் நல்லது. சக்கரத்தில் பானை எழும்புவதைப் பார்க்க நின்ற பிள்ளையைக் கிளப்புவதுதான் பாடு.

காசு விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். காலில் விழுந்து எழுந்தால் ஒரு மாமா ஐந்நூறு கொடுப்பார், இன்னொருவர் இருபது கொடுப்பார். பிள்ளைகள் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். எங்கள் அத்தை ஒருத்தி, பிள்ளைகளுக்கு ஆச்சி முறை, பீடி சுற்றுகிறவள். அவள் கொடுத்த நோட்டைப் பார்த்து என் மகள் "அம்பதுதானா?" என்று கேட்டுவிட்டாள். அத்தை சிரித்துவிட்டாள், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த இடத்தில் திட்டவில்லை. மறுநாள் அத்தை வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புகையிலைத் தூசி என்பதால் கொஞ்சம் தள்ளித்தான் உட்காரவைத்தேன். மடியில் சொளவு, அதுதான் முறம். ஈர இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்க அத்தைக்கு ஒரு மூச்சு நேரம் போதும். இருபத்தஞ்சு சேர்ந்தால் ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மகள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனை சுத்தினா அம்பது ரூவா ஆச்சி?" என்றாள்.

"அதக் கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தா கை ஓடாது தாயி. நீ படிக்கிற புள்ளதான, நீயே போட்டுச் சொல்லு."

அதோடு அவள் மாறிவிட்டாள் என்று சொன்னால் பொய். அன்றைக்குச் சாயங்காலமே இன்னொரு மாமா கொடுத்த கவரைப் பிரித்து எண்ணினாள். ஆனால் அந்த ஆச்சியைப் பற்றி மட்டும் டவுனுக்கு வந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்: ராத்திரியும் சுத்துவாங்களா, விரல் வலிக்காதா என்று.

இதில் ஒன்று கவனம். 'பாரு, அவங்க எவ்வளவு கஷ்டப்படுறாங்க, உனக்கு எல்லாம் கிடைச்சிருக்கு' என்று மட்டும் அங்கே பேச ஆரம்பித்துவிடாதீர்கள். கொடுத்தவரை இரக்கப்பட வேண்டிய ஆளாக்கிவிடுகிறோம், பிள்ளைக்கும் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அத்தையின் கைவேகத்தைப் பார்த்து என் மகள் வியந்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தினமும் நன்றி டைரி எழுதச் சொல்லும் யோசனையும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்களின் 2003 ஆய்வு கல்லூரி மாணவர்களையும் பெரியவர்களையும் வைத்துச் செய்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு வீட்டுப்பாடம். நாலு வயதுக்காரனிடம் இதில் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம். அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதே அந்த வயதில்தான் மெல்லப் பிடிபட ஆரம்பிக்கும். கரும்பை வெட்டித் தந்தது எந்த மாமா என்று அவனுக்குத் தெரிந்தாலே நல்ல விஷயம். பொங்கல் அடுப்புக்குப் பனை ஓலை எடுத்துக் கொடுக்கிற வேலையை, தீக்குத் தள்ளி நிற்கவைத்து, அவனுக்கே விட்டுவிடுங்கள்.

லீவு கூடுதலாகக் கிடைத்தால் சிறுவீட்டுப் பொங்கலுக்கும் இருந்துவிட்டு வாருங்கள். தைப்பொங்கல் கழிந்து ஒருநாள், பெண் பிள்ளைகள் முற்றத்தில் சின்னதாக வீடு கட்டி, சின்னப் பானையில் தாங்களே பொங்கலிடுவார்கள். அன்றைக்குப் பெரியவர்கள்தான் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். வாங்கியே பழகிய பிள்ளைக்குத் தன் கையால் பங்கு வைத்துக் கொடுப்பது புது அனுபவம், 'நல்லாருக்கா?' என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பாள். பையனையும் சேர்த்துக்கொள்வார்கள், கொஞ்சம் கேலி இருக்கும். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் பூ வைத்த சாணத்தை எருவாகத் தட்டிக் காயவைத்திருப்பார்கள், அதைத்தான் கடைசியில் ஆற்றில் விடுவது. ஊரில் இருக்கிற அக்கா, மதினியிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவையுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் இரண்டு எரு ஒதுக்கிவைப்பார்கள்.