தச்சரின் எட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தக்கலைக்கு அருகிலிருந்து எழுதுகிறேன். தச்சு வேலை செய்த என் அப்பா போன ஆவணியில் காலமானார். நான் அவருக்குப் பிறந்தவள் அல்ல. என்னைப் பெற்றவர் இறந்தபோது எனக்கு நான்கு வயது, தம்பி கைக்குழந்தை. மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளோடு நின்ற அப்பா, அம்மாவை மணந்துகொண்டார். பிறகு இருவர் பிறந்தார்கள். தாயில்லாத அத்தை மகனும் எங்களோடுதான் வளர்ந்தார். ஆக எட்டுப் பேர்.

விடியுமுன் அப்பா களியக்காவிளை பஸ் பிடித்துத் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போவார். பள்ளியில் என் இனிஷியலை மாற்றலாமா என்று கேட்டபோது, "பெற்றவன் எழுத்து அப்படியே இருக்கட்டும்" என்றாராம். பெண்கள் நாங்கள் நால்வருக்கும் கல்யாணத்துக்கு ஒரே அளவில் அயனி மர அலமாரி செய்து தந்தார்.

சென்ற மாதம் வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். அம்மாவும் அப்பாவுக்குப் பிறந்த ஐவருமாக ஆறு பெயர்கள். நானும் என் தம்பியும் இல்லை. உயிலும் எழுதவில்லை. அண்ணன் பங்கு தருகிறேன் என்கிறார்; எனக்கு வேண்டாம். மகளாக நினைத்திருந்தால் ஒரு வரி எழுதி வைத்திருக்க மாட்டாரா? இந்தக் கேள்வி என்னை உறங்க விடவில்லை.

வி.

அன்புள்ள வி.,

உங்கள் பெயரை விட்டது சட்டம், அப்பா அல்ல. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் கணவருக்கு வாரிசு ஆவதில்லை. தத்தெடுத்திருக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அதே ஆண்டின் தத்துச் சட்டப்படி, மகள் உயிரோடிருக்கும் தகப்பன் இன்னொரு பெண்ணை மகளாகத் தத்தெடுக்க முடியாது. உங்கள் அக்காமார் இருந்ததால் அந்தக் கதவும் அவருக்குச் சாத்தியே இருந்தது.

மீதி இருந்தது உயில். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும், பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. அவர் எழுதியிருக்க வேண்டும். இதில் அவர் பக்கம் நான் பேசமாட்டேன். அவரைப் போன்ற தகப்பன்மார் இதைப் படித்தால் இந்த வாரமே எழுதிவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

ஆனால் ஏன் எழுதவில்லை என்று நினைத்துப் பார்க்கிறேன். எழுதுவதென்றால் பத்திர எழுத்தர் முன்னால் உட்கார்ந்து, இவர்கள் எனக்குப் பிறந்தவர்கள், இவள் என் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்தவள் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் அவர் சொல்ல விடாத சொல் அது. தன் வாயால் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை என்றே நம்புகிறேன். அது தவறுதான். அன்பில்லாததால் வந்த தவறு அல்ல.

அந்த அலமாரிகளுக்கு வருகிறேன். நால்வருக்கும் ஒரே வருடம் கல்யாணம் ஆகியிருக்காது. ஒவ்வொரு முறையும் மரம் வேறு, விலை வேறு, கையிலிருந்த காசும் வேறு. நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் பெய்கிறது. கூரை ஏற்ற முடியாது, மரம் காயாது, கூலி நாட்கள் குறையும். எட்டு வயிறு குறையாது. திருவனந்தபுரத்தில் பகலெல்லாம் ஊராருக்குக் கதவும் நிலையும் செய்துவிட்டு வந்து, இரவில் விளக்கைப் போட்டு உங்களுக்கான பலகையை இழைத்திருப்பார். கடைசிப் பெண்ணுக்கு ஒரு விரற்கடை கூட்டினாலும் ஊர் பேசும், உங்களுக்கு ஒரு விரற்கடை குறைத்தாலும் பேசும். அண்ணன் தங்கையருக்குள் நிற்கும் பேச்சா அது? மாமியார் வீடுவரை வரும். அது தெரிந்துதான் அளவைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்தார். பகல் வேலைக்குக் கூலி உண்டு. இந்த வேலைக்குக் கூலி கிடையாது. அவருடைய பெரிய உழைப்பென்று நான் சொல்வது இதைத்தான்.

இனிஷியலை மாற்றாதது இன்னும் பெரிய காரியம். முகம் பாராத ஒரு மனிதரின் எழுத்தைத் தன் வீட்டில் குடிவைத்தார். உங்களை முழுதாகத் தனதாக்கிக்கொள்ளும் ஆசைகூட அவருக்கு இல்லை. வளர்த்தால் போதுமென்று இருந்தார்.

பங்கு வேண்டாம் என்பது உங்கள் விருப்பம். ஆனாலும் அண்ணன் தருவதை அவமானமாக எண்ணி மறுக்காதீர்கள். அப்பா செய்யாமல் விட்டதை அவர் செய்ய நினைக்கிறார். அம்மாவின் ஆறிலொரு பங்கு உயில் இல்லாவிட்டாலும் அவர் காலத்துக்குப் பிறகு அவர் பெற்ற நான்கு பேருக்கும் வரும். அந்த வழியில் உங்களுக்கும் தம்பிக்கும் அந்த வீட்டில் சட்டப்படியே இடமுண்டு.

இடமே இல்லாதவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகும் அத்தை மகன். இதே மாவட்டத்தில், மருமக்கள்வழி இருந்த காலத்தில், நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் சகோதரியின் மகனுக்குத்தான் சொத்து. பெற்ற பிள்ளைகள் கையைப் பிசைந்து நின்றார்கள். அந்த அநியாயம் ஒழிந்தது நல்லது. இன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சகோதரியின் மகனுக்கு எந்தப் பங்கும் இல்லை. உங்களுக்கு அம்மா வழி இருக்கிறது, அவருக்கு அதுவும் இல்லை. சான்றிதழ் வந்த அன்று அவர் எங்கே நின்றார், என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை.

அப்பாவின் உளிகளும் இழைப்புளியும் முழக்கோலும் இப்போது யாரிடம் இருக்கின்றன? அண்ணனையும் அம்மாவையும் கேட்டுவிட்டு, உங்கள் கையாலேயே அத்தானிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி